வம்ச வரலாறும் தேவ கிருபையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும், வாரநாள் இரவுகளில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கூடும் வேதபாடக் குழுக்களிலும் பிறப்பு, குடும்பம், முன்னோர், கிருபை ஆகியவற்றைப் பற்றி ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுள் அதிகம் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்களைப் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி எழுதியிருப்பதால், பொது மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தும் கத்தோலிக்க வாசகர்களுக்குச் சில பெயர்கள் சற்று வேறாகத் தோன்றக்கூடும்.

மத்தேயுவைத் திறந்தாலே பெயர்ப் பட்டியல்தான். அதைத் தாண்டிப் போனால் என்ன குறைந்துவிடும்?

கதை ஒன்றும் குறையாது. ஆனால் அந்தக் கதை யாருடையது என்பது தெரியாமல் போய்விடும். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில், தங்கள் வம்ச அட்டவணையில் பெயரைக் காட்ட முடியாத ஆசாரியர்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்று எஸ்றா 2:62 கூறுகிறது. வம்சப் பட்டியலை உரிமைப் பத்திரமாகக் கருதிய அந்தச் சமூகத்திற்கு முன், இயேசுவைத் தாவீதின் குமாரன் என்றும் ஆபிரகாமின் குமாரன் என்றும் அறிவித்துக்கொண்டு மத்தேயு தொடங்குகிறார். அரியணை என்றும் நிலைக்கும் என்பது தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு (2 சாமுவேல் 7). பூமியின் வம்சங்கள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்பது ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு (ஆதியாகமம் 12:3). இவ்விரண்டும் யாரிடத்தில் வந்து சேர்கின்றன என்பதே அந்தப் பட்டியலின் செய்தி.

அதைப் பிறப்புப் பதிவேடு போல வாசிக்கக் கூடாது. பதினான்கு பதினான்காக மூன்று பகுதிகளாக மத்தேயு அதை அடுக்குகிறார். அதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்களை விட்டுவிடுகிறார். எதை விட்டார், யாரைச் சேர்த்தார் என்று கவனித்து வாசித்தால் அந்தப் பதினேழு வசனங்களும் பேசத் தொடங்கும்.

மத்தேயு ஒரு வம்சம் சொல்கிறார், லூக்கா வேறு வம்சம் சொல்கிறார். யோசேப்புக்கு எத்தனை அப்பா?

மத்தேயுவில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு, லூக்காவில் ஏலி. தாவீதுக்குப் பிறகு மத்தேயு சாலொமோன் வழியாகவும், லூக்கா நாத்தான் என்ற மற்றொரு மகன் வழியாகவும் செல்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணந்து, இறந்தவனின் பெயரால் மகனைப் பெறும் வழக்கம் (உபாகமம் 25:5-6) இருந்ததால், ஒருவனுக்குப் பெற்ற தகப்பன் ஒருவரும் சட்டப்படி தகப்பன் வேறொருவரும் இருக்க முடியும் என்பது அது. லூக்கா தருவது மரியாளின் வம்சம் என்போரும் உண்டு. இரண்டும் இருக்கக்கூடியவையே; எதையும் உறுதியாக நிறுவ வழியில்லை.

இந்த வாதத்தில் மூழ்கிப்போகிறவர்கள் இரு பட்டியல்களும் போகும் திசையைக் கவனிப்பதில்லை. மத்தேயு ஆபிரகாமிலிருந்து கீழே இறங்கி வருகிறார். லூக்காவோ இயேசுவிலிருந்து மேலே ஏறி, தாவீதையும் ஆபிரகாமையும் கடந்து ஆதாமையும், ஆதாமுக்கு அப்பால் தேவனையும் சென்றடைகிறார். லூக்காவின் பட்டியலில் உறவுக்கு வெளியே நிற்கும் மனிதர் ஒருவரும் இல்லை.

அந்தப் பட்டியலில் நான்கு பெண்கள். அதுவும் இப்படிப்பட்ட பெண்களையா எழுத வேண்டும்?

இந்தக் கேள்வியில் உள்ள "இப்படிப்பட்ட" என்ற சொல்லைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தாமாரின் நிகழ்ச்சியில் (ஆதியாகமம் 38), அவளுக்குச் சேர வேண்டிய உரிமையை மறுத்தவன் அவள் மாமனாராகிய யூதா. தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். உரியாவின் மனைவியாகிய பத்சேபாளின் நிகழ்ச்சியில் தீர்க்கதரிசி கண்டித்தது தாவீதை. ரூத்தின் மேல் வேதம் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. ராகாப் எரிகோவில் வேசியாக வாழ்ந்தவள். அவளையே விசுவாசத்தின் சாட்சிகளுள் ஒருத்தியாக எபிரெயர் 11:31 பெயர் சொல்லிப் போற்றுகிறது. நான்கு பாவிகள் இயேசுவின் வம்சத்தில் இடம்பெற்றார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது; பட்டியலில் உள்ள ஆண்களின் பாவங்களை அதே மூச்சில் யாரும் எண்ணுவதில்லை.

இவர்களிடம் தெளிவாகத் தெரிவது அந்நியத் தொடர்பு. ராகாப் கானானியப் பெண். ரூத் மோவாபியப் பெண். பத்சேபாளின் முதல் கணவன் ஏத்தியன். மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:3 சொல்லியிருக்க, மோவாபியப் பெண்ணான ரூத்தின் மகன் ஓபேத், ஓபேத்தின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. இஸ்ரவேலின் மிகப் பெரிய அரசனின் கொள்ளுப்பாட்டி ரூத். சாராள், ரெபெக்காள் போன்ற புகழ்பெற்ற தாய்மாரை விட்டுவிட்டு இந்த நால்வரை மத்தேயு தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் கருத்து.

யோசேப்பு பெற்ற தகப்பன் இல்லையென்றால், அவர் வழி வம்சம் இயேசுவுக்கு எப்படிப் பொருந்தும்?

இந்தச் சிக்கலை மத்தேயுவும் அறிந்தே எழுதுகிறார். "இன்னார் இன்னாரைப் பெற்றான்" என்று ஓடிவந்த வாக்கியம் 1:16-இல் நின்று, யோசேப்பு மரியாளின் புருஷன் என்றும், அவளிடத்தில் இயேசு பிறந்தார் என்றும் மாறுகிறது. பின்னர், தூதன் "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே" என்று அழைத்து, பிள்ளைக்குப் பெயரிடும் பொறுப்பை அவரிடம் கொடுக்கிறான், அவரும் பெயரிடுகிறார். அவ்வாறு பெயரிட்டு ஏற்றுக்கொள்வதனால் பிள்ளை அந்தக் குடும்பத்தின் சட்டபூர்வமான மகனாகிறது. விசுவாசிகளைப் பற்றிப் பவுல் பேசும்போது புத்திர சுவிகாரம் என்று எழுதுவதை (ரோமர் 8:15) இரண்டாந்தர உறவாக எண்ணுகிறவர்கள், தாவீதின் வீட்டுக்குள் இயேசுவே அந்த வாசல் வழியாகத்தான் வந்தார் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஆபிரகாமைத் தேவன் ஏன் தேர்ந்தெடுத்தார்? அவர் நல்ல குடும்பத்தில் பிறந்தவர் என்பதாலா?

இல்லை. ஆபிரகாமின் தகப்பனாகிய தேராகு நதிக்கு அப்புறத்தில் வேறே தேவர்களைச் சேவித்தான் என்று யோசுவா 24:2 வெளிப்படையாகச் சொல்கிறது. இஸ்ரவேலர் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதற்காகக் கர்த்தர் அவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை, அவர் அன்புகூர்ந்ததே காரணம் என்று உபாகமம் 7:7-8 கூறுகிறது. இரண்டு அதிகாரங்கள் தள்ளி, உங்கள் நீதியினிமித்தம் இந்த நிலம் உங்களுக்குக் கிடைக்கவில்லை, நீங்கள் வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள் என்று அதே நூல் அவர்களைக் கடிந்துகொள்கிறது.

பவுல் இதில் காலவரிசையை வைத்து ஒரு வாதம் செய்கிறார். ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற வசனம் ஆதியாகமம் 15-இல் வருகிறது. உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்கும் விருத்தசேதனமோ 17-ஆம் அதிகாரத்தில்தான் கட்டளையிடப்படுகிறது. ஆகவே கிருபையைப் பெற்றபோது அவர் புறஜாதியார் (யூதரல்லாதார்) நிலையிலேயே இருந்தார், அதனால் இரு சாராருக்கும் தகப்பனாகிறார் என்று ரோமர் 4:10-12-இல் முடிக்கிறார். இனி வரும் பல பதில்கள் இந்த வாதத்தின் மேல்தான் நிற்கின்றன.

நாங்கள் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். தாத்தா காலத்திலிருந்தே ஷார்ட் ஸ்திரீட் ஆலயம்தான். அதற்கு மதிப்பே இல்லையா?

மதிப்பு நிச்சயமாக உண்டு. தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டியாகிய லோவிசாளிடமும் தாயாகிய ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் நன்றியோடு நினைவுகூருகிறார் (2 தீமோத்தேயு 1:5). வேதம் வாசிக்கும் வீட்டில் பிறப்பது பெரிய நன்மை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன், கத்தோலிக்கச் சபைகளும், விசுவாசத்தை அறிக்கையிட்ட பின்னரே கொடுக்கும் சபைகளும் தங்களுக்குள் வேறுபட்டாலும், பிறப்பினால் ஒருவர் தானாகவே கிறிஸ்தவராகிவிடுவதில்லை என்பதில் ஒத்துப்போகின்றன.

ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள நினைக்க வேண்டாம், இந்தக் கல்லுகளிலிருந்தே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ணத் தேவன் வல்லவர் என்று யோவான்ஸ்நானன் எச்சரித்தான் (மத்தேயு 3:9). லூக்கா 16-இல் வேதனைப்படும் செல்வந்தன் "தகப்பனாகிய ஆபிரகாமே" என்று கூப்பிடுகிறான். ஆபிரகாமும் அவனை "மகனே" என்றே அழைக்கிறார். ஆனாலும் அந்த உறவு அவனைக் காப்பாற்றவில்லை. இயேசுவின் வம்சப் பட்டியலிலேயே நல்லவனான எசேக்கியாவுக்குக் கொடியவனான மனாசே பிறக்கிறான்; மனாசேக்கு அவனைப் போன்றே ஆமோன் பிறக்கிறான்; அந்த ஆமோனுக்கு யோசியா என்ற நல்ல அரசன் பிறக்கிறான்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள். நானும் ஆபிரகாமின் பிள்ளை என்று சொல்லலாமா?

சொல்லலாம். நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால் ஆபிரகாமின் சந்ததியாயிருக்கிறீர்கள் என்று கலாத்தியர் 3:29 எந்த நிபந்தனையும் சேர்க்காமல் கூறுகிறது. மேலே சொன்ன ரோமர் 4-இன் வாதம் உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. இதனால் பெற்றோரின் மகள் அல்லாதவராக நீங்கள் ஆகிவிடுவதில்லை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ண வேண்டும் என்ற கற்பனை (கட்டளை), அவர்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களானாலும், அப்படியே நிற்கிறது.

மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டிப்பேன் என்று பத்துக் கற்பனைகளிலேயே இருக்கிறதே. அப்படியானால் பரம்பரை சாபம் உண்மைதானே?

தனியாக வந்து தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் வீட்டில் ஒரு நோய், ஒரு மணமுறிவு, அல்லது பிள்ளையில்லாத துயரம் இருக்கும். யாத்திராகமம் 20:5-6-ஐ முழுவதும் வாசிக்க வேண்டும்: தண்டனை "என்னைப் பகைக்கிறவர்களுக்கு" மூன்று, நான்கு தலைமுறை, இரக்கமோ ஆயிரம் தலைமுறை. ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்த அக்காலத்தில், குடும்பத் தலைவனின் தீமை அனைவரையும் தொட்டது என்பது இயல்பான உண்மை. குடியும் கடனும் அடிதடியும் பிள்ளைகளைப் பாதிப்பதை நாமும் பார்க்கிறோம். விளைவுகள் தொடர்வது ஒன்று. குற்றம் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுவது வேறொன்று. பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலை செய்யப்படக் கூடாது என்று உபாகமம் 24:16 விதிக்கிறது. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழியை இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று எசேக்கியேல் 18 ஓர் அதிகாரம் முழுவதும் மறுக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3).

வெளிப்படையாகச் சாபம் கூறப்பட்ட குடும்பங்களின் கதி என்னவாயிற்று என்றும் பாருங்கள். மோசேயை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கிற்று. அவன் குமாரர்களோ சாகவில்லை என்று எண்ணாகமம் 26:11 குறிப்பிடுகிறது. கோராகின் புத்திரர் என்று தலைப்பிட்ட சங்கீதங்களை, 84-ஆம் சங்கீதம் உட்பட, சபை இன்றும் பாடுகிறது. எகொனியா அரசனை வலக்கையிலிருந்து கழற்றி எறியப்படும் முத்திரை மோதிரம் என்றும், அவன் சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்கமாட்டான் என்றும் எரேமியா 22 சபித்தது. அவன் பேரனாகிய செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று அதே உவமையை ஆகாய் 2:23 திருப்பிச் சொல்கிறது. இருவர் பெயரும் மத்தேயுவின் பட்டியலில் இருக்கின்றன.

ஆகவே, குடும்ப மரத்தை வரைந்து, முன்னோர் வணங்கிய தெய்வங்களையெல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றாக முறிக்கிறோம் என்று அழைக்கும் கூட்டங்களைக் குறித்து எனக்கு நல்ல எண்ணம் இல்லை. முன்னோரிடமிருந்து வந்த வீணான நடத்தையிலிருந்து கிறிஸ்துவின் இரத்தத்தினால் மீட்கப்பட்டீர்கள் என்று 1 பேதுரு 1:18-19 முடிந்துபோன செயலாகவே பேசுகிறது. நோய்க்கு மருத்துவரையும், மனச்சோர்வுக்கு ஆலோசகரையும் நாடிக்கொண்டே ஜெபிக்கலாம்.

பிள்ளைக்குக் குற்றம் வராது என்றால், ஆதாம் செய்ததற்கு நான் ஏன் பொறுப்பு?

இது நியாயமான மடக்குக் கேள்வி. ஆதாமின் குற்றத்திலேயே மனிதகுலம் பங்குகொண்டது என்று ஆதிச்சபை இறையியலாளர் அகுஸ்தீனின் வழிவந்த மேற்கத்திய சபைகள் கற்பித்தன. நாம் பெற்றது மரணமும் பாவத்தின் பக்கம் சாயும் இயல்புமே என்று கிழக்கத்திய சபைகள் கூறுகின்றன. ரோமர் 5:12-21-இல் பவுல் ஆதாமை நிறுத்துவது கிறிஸ்துவோடு ஒப்பிடுவதற்காக. ஒருவனால் வந்த கேட்டைவிட ஒருவரால் வந்த கிருபை மிகவும் அதிகம் என்பதே அந்தப் பகுதியின் அழுத்தம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முறையிடுவது பவுலுக்கு நியாயம் செய்வதாகாது.

அப்படியானால் யூதர்களைத் தேவன் தள்ளிவிட்டாரா?

தள்ளவில்லை என்று ரோமர் 11:1 நேரடியாக விடையளிக்கிறது. தொடர்ந்து வரும் ஒலிவமர உவமையில் புறஜாதியார் காட்டொலிவக் கிளைகள். நல்ல மரத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். வேர் உங்களைச் சுமக்கிறது, நீங்கள் வேரைச் சுமக்கவில்லை, ஆகையால் முறிந்துபோன கிளைகளுக்கு விரோதமாகப் பெருமை பாராட்டாதிருங்கள் என்று எச்சரிக்கிறார் பவுல். முறிந்த கிளைகளை மீண்டும் ஒட்டவைக்கவும் தேவன் வல்லவர். பிற்காலச் சபைகள் இந்த எச்சரிக்கையைக் கேளாமல் யூதர்களை இகழ்ந்ததும் துன்புறுத்தியதும் வரலாறு.

பிறப்பதற்கு முன்பே யாக்கோபை நேசித்து ஏசாவை வெறுத்தால், அது என்ன கிருபை?

ரோமர் 9:10-13-ஐ வாசித்துவிட்டுத் தூக்கமிழந்தவர்கள் உண்டு. பவுல் இரண்டு வசனங்களை இணைக்கிறார். மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்பது ரெபெக்காளின் கர்ப்பத்தில் உள்ள "இரண்டு ஜாதிகளை"ப் பற்றியது (ஆதியாகமம் 25:23). நேசித்தேன், வெறுத்தேன் என்பது பல நூற்றாண்டுகள் கழித்து, யாக்கோபின் வழிவந்த இஸ்ரவேல், ஏசாவின் வழிவந்த ஏதோம் என்ற இரு மக்களைப் பற்றி மல்கியா கூறியது. ஆகவே அது ஏசா என்ற தனிமனிதனின் நித்திய கதியைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏசாவின் புத்திரருக்குச் சேயீர் மலைநாட்டைக் கர்த்தரே கொடுத்தார் (உபாகமம் 2:5). ஏதோமியனை அருவருக்க வேண்டாம், அவன் உன் சகோதரன் என்றும் கட்டளையிட்டார் (23:7).

ஆனாலும் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடாது. கால்வினைப் பின்பற்றும் சபைகள் தனிமனிதர் முன்குறிக்கப்படுவதை இவ்வதிகாரத்தில் காண்கின்றன. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739ஆம் ஆண்டில் அதை எதிர்த்துப் பிரசங்கித்து, தம் நண்பர் விட்பீல்டோடு முரண்பட்டார். கிருபை எல்லாருக்கும் இலவசம் என்பது மெதடிஸ்டுகளின் நிலைப்பாடு. நான் வெஸ்லியின் பக்கம் சாய்கிறேன். பவுல் இந்த வாதத்தைத் தொடங்கியது மூத்த பிள்ளை என்ற பிறப்புரிமையைக் கிருபைக்கு முன் செல்லாததாக்கவே என்பது என் காரணம்.

ஞானஸ்நானம் பெற்ற குடும்பம்தான். ஆனாலும் பெண் பார்க்க வந்தால், "ஊரில் நீங்கள் எந்தப் பக்கம்?" என்கிறார்கள். பைபிளிலும் கோத்திரம் இருக்கிறதே என்று வாதாடுகிறார்கள்.

கோத்திரம் இருக்கிறது, தமது கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று மகன் இல்லாத தகப்பனின் நிலத்தைப் பெற்ற செலொப்பியாத்தின் குமாரத்திகளுக்கு எண்ணாகமம் 36 விதித்ததும் உண்மை. ஆனால் அதே அதிகாரம் காரணத்தையும் சொல்கிறது: ஒரு கோத்திரத்தின் நிலம் மற்றொன்றுக்குக் கைமாறிவிடக் கூடாது. நிலப்பங்கு இல்லாத இடத்தில் அந்த விதி எதைக் காக்கும்? லேவி கோத்திரத்து ஆசாரியனாகிய ஆரோனே யூதா கோத்திரத்து அம்மினதாபின் மகள் எலிசபாளை மணந்தான் (யாத்திராகமம் 6:23). அவளுடைய சகோதரன் நகசோன் மத்தேயுவின் பட்டியலில் வருகிறான். தாழ்ந்தவர், உயர்ந்தவர் என்று பிறப்பினால் தரம் பிரித்து, தொட்டால் தீட்டு என்னும் சாதியமைப்புக்கு இஸ்ரவேலின் கோத்திரங்களில் இணை தேடினாலும் கிடைக்காது.

புதிய ஏற்பாட்டில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி அந்தியோகியாவில் நடந்தது. புறஜாதி விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்து, அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்றார் (கலாத்தியர் 2:11-14). தமிழ்நாட்டுச் சபைகளுக்கும் இந்தச் சண்டை புதிதன்று. ஆலயத்தில் தனி இருக்கை, நற்கருணையில் தனி முறை என்றிருந்த வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டில் ஆணையிட்டார். அதை ஏற்காமல் பலர் சபையை விட்டே போனார்கள். சிங்கப்பூரில் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, கல்யாணப் பேச்சில் மட்டும் ஊர்ப் பக்கம் கேட்பவர்களிடம், பிலிப்பியர் 3:5-8-ஐ உரக்க வாசிக்கச் சொல்லலாம். பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன் என்ற தன் பெருமைகளையெல்லாம் வரிசைப்படுத்தி, அவற்றைக் குப்பை என்று எழுதுகிறார் பவுல்.

என் பாட்டி இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்துபோனார். அவர் நிலை என்ன? அவருடைய திதிக்கு நான் போகலாமா?

முதல் கேள்விக்கு ஆபிரகாமே ஒரு கேள்வியால் விடை தருகிறார்: சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ? (ஆதியாகமம் 18:25). நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் மனச்சாட்சியைத் தேவன் கணக்கில் எடுப்பதை ரோமர் 2:14-16 காட்டுகிறது. தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுபவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964ஆம் ஆண்டில், அறிவித்தது. புராட்டஸ்டண்டு சபைகளுக்குள் கருத்து ஒன்றாக இல்லை. பாட்டியின் முடிவை அறிவிக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை என்பதையாவது எல்லாரும் ஒப்புக்கொள்ளலாம். துக்க வீட்டில் அதை அறிவிக்கத் துணிகிறவர்களுக்கு நீங்கள் செவிகொடுக்க வேண்டாம்.

இரண்டாவதில், மரியாதையையும் வழிபாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யாக்கோபு இறந்தபோது யோசேப்பு எகிப்திய முறைப்படி உடலைப் பதப்படுத்தச் செய்து, எகிப்தியர் எழுபது நாள் துக்கங்கொண்டாட இடங்கொடுத்து, பார்வோனின் ஊழியக்காரரோடு அடக்கத்துக்குச் சென்றான் (ஆதியாகமம் 50). சீனக் கத்தோலிக்கருக்கு முன்னோர் சடங்குகளை 1742ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்த ரோம், 1939ஆம் ஆண்டில், முன்னோரின் படத்துக்கு முன் தலைவணங்குவதைக் குடும்ப மரியாதையாக ஏற்றது. இங்கேயும் சீனர் முன்னோரை நினைவுகூரும் சிங் மிங் காலத்தில் ஊதுவத்தியும் காகிதப் படையலும் இல்லாமல், கல்லறையைத் துப்புரவு செய்து பூ வைத்து வரும் சீனக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மண்டாய் தகனச்சாலைக்குக் குடும்பத்தோடு செல்வது, செலவில் பங்கேற்பது, வந்தவர்களுக்கு உணவு பரிமாறுவது, பாட்டியைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றில் தயங்க ஒன்றுமில்லை. பிண்டம் வைப்பதும் தர்ப்பணம் செய்வதும் படையலை உண்பதும் வழிபாட்டின் பகுதிகள் என்பதால் பெரும்பாலான சபைகள் அவற்றில் சேர வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. எந்த நேரத்தில் விலகி நிற்பீர்கள் என்பதைச் சடங்கு நடக்கும் இடத்தில் வைத்துச் சொல்லாமல், சில நாள்களுக்கு முன்பே பெரியப்பாவிடமோ அண்ணனிடமோ பணிவாகச் சொல்லிவிடுங்கள்.